கிளையன்டின் பாரம் உங்கள் தோளுக்கு எப்போது வந்தது?

கோச்சிங், அதாவது வேலையிலும் வாழ்க்கையிலும் ஒருவர் தன் வழியைத் தானே கண்டுபிடிக்கப் பேச்சின் மூலம் துணை நிற்கும் தொழில், தொடங்கி இரண்டு வருடமான ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு நாளைக்கு ஐந்து செஷன் எடுக்கிறேன். கடைசி செஷன் முடியும்போது எனக்குள் ஒன்றுமே மிச்சமில்லை. சாப்பிடும்போதும் அவர்கள் பிரச்சினைதான் மனதில் ஓடுகிறது. ராத்திரியில் போன் ஒளிர்ந்தாலே பயமாக இருக்கிறது. மனதைக் கல்லாக்கிக்கொண்டால்தான் இந்தத் தொழிலில் நிலைக்க முடியுமா?"

கல்லாக்கிக்கொள்ள வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அதைச் செய்து பார்த்தவன். பதினோரு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். மூன்றாவது வருடத்தில் உங்கள் நிலைமைதான் எனக்கும். நாலு மாதம் மனதைப் பூட்டி வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். முகத்தில் அக்கறை இருக்கும், தலை ஆடும், உள்ளே யாரும் இல்லை. களைப்பு குறையும் என்று நினைத்தேன், இரண்டு மடங்கானது. இல்லாத உணர்வை முகத்தில் வரவழைப்பதும், இருக்கிற உணர்வை மறைப்பதும் தனி உழைப்பு என்பது அப்போது எனக்குத் தெரியாது. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து 1983-லேயே இதை விளக்கியிருக்கிறார். 'உணர்வு உழைப்பு' என்ற பெயரே அவர் கொடுத்ததுதான். மனதை மூடினால் அந்த மூடியைப் பிடித்துக்கொண்டிருக்கவும் சக்தி வேண்டும்.

அப்படியானால் சக்தி எங்கே போகிறது? போன வாரத்தில் உங்களை அதிகம் உறிஞ்சிய செஷனை நினைத்துப் பாருங்கள். அது மிகவும் சோகமான செஷனாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. என் அனுபவத்தில் பெரும்பாலும் அப்படி இருப்பதும் இல்லை. துக்கத்தைக் கொட்டி அழுத ஒருவரோடு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, கனத்த மனதோடு, ஆனால் தெளிவாக எழுந்து வந்திருக்கிறேன். என்னைப் பிழிந்து போட்டவை வேறு மாதிரி செஷன்கள். கிளையன்ட் மாற வேண்டும் என்று அவரைவிட நான் அதிகமாக ஆசைப்பட்ட செஷன்கள் அவை.

ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வேலை போன ஒருவர், மூன்றாவது செஷன். போன தடவை "ஐந்து இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிடுகிறேன்" என்று சொல்லிப் போனவர், வந்து உட்கார்ந்ததும் "ஒண்ணுகூட அனுப்பல சார், என்னால முடியல" என்றார். அந்த நொடியில் என் உடம்பு செய்ததை இப்போதும் அப்படியே சொல்ல முடியும். தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறியது. மேஜை விளிம்பு வயிற்றில் அழுந்தும் அளவுக்கு முன்னால் சாய்ந்தேன். மூச்சு மேல் நெஞ்சோடு நின்றது. வாய் வேகமாகப் பேசத் தொடங்கியது. அடுத்தடுத்து மூன்று யோசனை. நான் முன்னால் சாயச் சாய, அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். போகும்போது "இப்பத்தான் தெம்பா இருக்கு" என்றார். எனக்குக் கழுத்து வலித்தது. அன்று ராத்திரி அவருக்காக ஒரு மணி நேரம் வேலை விளம்பரங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமும் அவர் ஒன்றும் அனுப்பவில்லை.

அந்த ஒரு மணி நேரத் தேடல் யாருடைய வேலை? அவருடைய வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவர் கேட்டு எடுக்கவில்லை, நானாக எடுத்தேன். அதனால் அவருக்கும் லாபமில்லை. "உன்னால் முடியாது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற செய்திதான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். உளவியல் மருத்துவர் ஸ்டீபன் கார்ப்மன் 1968-ல் ஒரு முக்கோணத்தை வரைந்தார். பாதிக்கப்பட்டவர், குற்றம் சொல்பவர், காப்பாற்றுபவர் என்று அதில் மூன்று வேடங்கள். காப்பாற்றுகிறவர் எப்போதும் அதே மூலையில் நிற்பதில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டிய விஷயம். நான் தேடிக் கொடுத்ததை அவர் பயன்படுத்தவில்லை என்றதும் எனக்குள் எரிச்சல் வந்தது. குற்றம் சொல்பவனாகிவிட்டேன். அப்புறம் "இவ்வளவு செய்தும் என்ன பலன்" என்ற அலுப்பு. பாதிக்கப்பட்டவனும் நானேதான். ஒரே வாரத்தில் மூன்று மூலைக்கும் போய்வந்துவிட்டேன். உங்கள் களைப்புக்குள் எரிச்சலும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எங்கேயோ கிளையன்டின் வேலையை நீங்கள் தூக்கிச் சுமக்கிறீர்கள் என்று அர்த்தம்.

உங்கள் கேள்வியில் இன்னொன்றும் இருக்கிறது. பிறர் வலியைப் பக்கத்திலிருந்து கேட்டால் நமக்கும் வலித்துத்தான் ஆக வேண்டும் என்று நினைக்கிறீர்கள். எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. உளவியலாளர் டேனியல் பேட்சனும் அவரோடு இருந்தவர்களும் 1997-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கஷ்டத்தில் இருக்கும் ஓர் இளம்பெண்ணின் பேச்சைப் பலரைக் கேட்கச் செய்தார்கள். ஒரு பிரிவினரிடம் "அவள் எப்படி உணர்கிறாள் என்று நினைத்துப் பாருங்கள்" என்றார்கள். இன்னொரு பிரிவினரிடம் "அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்" என்றார்கள். இரண்டு பிரிவினருக்கும் அந்தப் பெண்ணின்மேல் பரிவு வந்தது. ஆனால் தன்னையே அந்த இடத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குப் பரிவோடு சேர்ந்து சொந்த மனக்கலக்கமும் வந்தது. கேட்டால் சின்ன வித்தியாசம்தான். ஐந்து செஷன் முடிந்தபின் அது சின்னதாக இருக்காது.

டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி குழுவினர் மூளை ஸ்கேன் வைத்துச் செய்து 2014-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. பிறர் துன்பப்படும் வீடியோக்களைப் பார்க்கவைத்தார்கள். அந்தத் துன்பத்தோடு ஒன்றி உணர்வதற்குப் பயிற்சி எடுத்தபோது பார்த்தவர்களின் மனம் இன்னும் வாடியது. அதே ஆட்களுக்குப் பிறகு பரிவுப் பயிற்சி, அதாவது துன்பப்படுகிறவர் நலமாக இருக்கட்டும் என்று மனதார நினைக்கும் பயிற்சி கொடுத்தபோது, வாட்டம் இறங்கியது, இதமான உணர்வு கூடியது. மூளையில் வேலை செய்த பகுதிகளும் வேறாக இருந்தன. உருகிப்போவது வேறு, பரிவு வேறு. உருகுகிறவர் கரைந்து தீர்ந்துவிடுவார். பரிவுக்கு ஒரு ஆள் முழுதாக அங்கே இருக்க வேண்டும்.

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-லேயே இதை ஒரு சின்னச் சொல்லில் பிடித்துவிட்டார். எதிரில் இருப்பவரின் உள் உலகத்தை உங்களுடையது போல உணர வேண்டும், ஆனால் அந்த 'போல'வை ஒருபோதும் இழக்கக் கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம். நம் மொழியில் 'போல' இரண்டே எழுத்து. செஷன் நடுவில் நான் இழுபட்டுப் போகும்போது அந்தச் சொல்லைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

சரி, நடைமுறையில் என்ன செய்வது?

முதலில் உடம்பு. எதிரில் இருப்பவரின் முகபாவம், குரல், உட்காரும் விதம் எல்லாவற்றையும் நாம் அறியாமலே நகலெடுக்கிறோம். உணர்ச்சி அந்த வழியாகவே ஒட்டிக்கொள்கிறது என்பது எலைன் ஹாட்ஃபீல்டு போன்ற உளவியலாளர்கள் விரிவாக ஆராய்ந்த விஷயம். எனவே மனதோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால் முதுகைக் கவனியுங்கள். என் அடையாளம் முதுகு நாற்காலியை விட்டு எழும்புவது. அது நடந்ததென்றால் நான் இழுபட ஆரம்பித்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். முதுகை மறுபடியும் சாய்ப்பேன், இரண்டு பாதமும் தரையில் இருக்கிறதா என்று பார்ப்பேன், மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுவேன். இவ்வளவுக்கும் பத்து நொடி போதும், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. உங்கள் அடையாளம் வேறாக இருக்கலாம். தாடை இறுகலாம், பேனாவை அழுத்திப் பிடிக்கலாம், குரல் உயரலாம். ஒரு வாரம் கவனித்தால் பிடிபட்டுவிடும்.

"என்னால முடியல" போன்ற வாக்கியம் வரும்போது மூன்று மூச்சு முடியும்வரை பேசாதீர்கள். புதிய கோச்சுகளிடம் நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். அந்த மௌனத்தில் நமக்கு வரும் பதற்றம் நம்முடையது. அதைத் தணித்துக்கொள்ளத்தான் பாதி யோசனைகளைக் கொட்டுகிறோம். மூன்று மூச்சுக்குப் பிறகு கிளையன்ட் தானாகவே ஏதோ சொல்வார். பெரும்பாலும் நாம் சொல்ல இருந்ததைவிட அது உண்மையானதாக இருக்கும்.

வீடியோ வழி செஷன் என்றால் திரையில் உங்கள் முகம் தெரிவதை மறைத்துவிடுங்கள், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். பெரிய முகங்களை நெருக்கத்தில் பார்த்துக்கொண்டே இருப்பது, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் இருப்பது எல்லாம் தனிக் களைப்பு. அதற்கும் கிளையன்டின் கதைக்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது இடைவெளி. ஐந்து செஷனையும் ஒட்ட ஒட்ட வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-ல் காட்டினார். செஷனில் தங்குவது கவனம் மட்டுமல்ல. இருபது நிமிடமாவது விடுங்கள். அந்த இருபது நிமிடத்தில் போனைத் தொடாமல், எழுந்து நின்று, கையைக் கழுவி, அப்புறம் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி, இவர் இன்று எதைத் தெரிந்துகொண்டு போனார். இரண்டாவது, அடுத்த தடவை வரை இவர் செய்ய வேண்டியது என்ன. மூன்றாவது, எனக்குள் எது தொடப்பட்டது.

முதல் இரண்டும் எல்லா கோச்சும் எழுதுவதுதான். மூன்றாவது வரிதான் உங்களைக் காப்பாற்றும். ஒரு தடவை, வேலையில் முடிவெடுக்கத் திணறும் ஓர் அதிகாரியோடு பேசிவிட்டு வந்தேன். சாதாரண செஷன். ஆனால் அவர் குரல் மூன்று நாளாக என்னை விடவில்லை. நோட்டை எடுத்துப் பார்த்தேன், மூன்றாவது வரியில் நானே எழுதியிருந்தேன்: 'அப்பா'. பேச்சுவாக்கில் அவர் தன் அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பதை ஒரு வாக்கியமாகச் சொல்லிக் கடந்துபோயிருந்தார். நான் கடக்கவில்லை. என் அப்பாவுக்கு அந்த வருடம் உடம்பு சரியில்லாமல் இருந்தது, அதைப் பற்றி நான் யாரிடமும் பேசாமல் இருந்தேன். வீட்டுக்கு என்னோடு வந்தது கிளையன்டின் பாரம் அல்ல, நான் இறக்கி வைக்காத என் பாரம். ஒரு அண்ணனைப் போல எனக்கு இருக்கும் மூத்த கோச்சிடம் அதைப் பேசிய பிறகு அந்தக் குரல் விட்டுப்போனது.

அதனால்தான் சூப்பர்விஷன், அதாவது அனுபவமுள்ள இன்னொரு கோச்சிடம் நம் வேலையைப் பற்றிப் பேசிப் பார்ப்பது, வேண்டும் என்கிறேன். கிளையன்ட் சொன்னதை வீட்டில் சொல்ல முடியாது, நண்பரிடம் சொல்ல முடியாது; ரகசியம் காக்கிற கடமை நமக்கு இருக்கிறது. சொல்ல இடமில்லாதது உள்ளேயே தங்கும். ஐரோப்பாவிலிருந்து இயங்கும் கோச்சிங் அமைப்பான இஎம்சிசி, 35 மணி நேர செஷனுக்கு ஒரு மணி நேரமாவது சூப்பர்விஷன் வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று வழிகாட்டுகிறது. உங்கள் கணக்குக்கு ஏழு வேலை நாளிலேயே 35 மணி நேரம் வந்துவிடும். கட்டணம் கொடுத்து ஒருவரிடம் போக முடியவில்லை என்றால், ரகசியத்தை மதிக்கும் மூன்று நாலு கோச்சுகள் சேர்ந்து மாதம் இரண்டு முறை உட்காருங்கள். கிளையன்டின் பெயர், ஊர், கம்பெனி எதுவும் வேண்டாம். உங்களுக்குள் நடந்ததைப் பேசினால் போதும்.

இப்போது அந்த ராத்திரி போன். செஷனுக்கு வெளியே எப்போது, எப்படிப் பேசலாம் என்பது முதல் நாளே பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். தீர்க்காமல் விட்டால் ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவுகளே ஆளைத் தின்றுவிடும். நான் சொல்வது இப்படி இருக்கும்: "இடையில் எப்போது வேண்டுமானாலும் எழுதி அனுப்புங்கள், நான் படிப்பேன். வேலை நாட்களில் மாலை ஐந்து மணிக்குள் சுருக்கமாகப் பதில் போடுவேன். விரிவாகப் பேச வேண்டியதை செஷனுக்கு வைத்துக்கொள்வோம். அவசர நிலைமையில் உதவ நான் சரியான ஆள் இல்லை, அதற்கு யாரை அழைக்கலாம் என்பதை இப்போதே சேர்ந்து எழுதி வைப்போம்." இதைக் கேட்டு யாரும் கோபித்துக்கொண்டது கிடையாது. பலருக்கு எது நியாயமான எதிர்பார்ப்பு என்று தெரிந்ததில் நிம்மதிதான்.

ஏற்கெனவே பழக்கிவிட்டீர்களே, இனி எப்படி மாற்றுவது என்று தயங்குவீர்கள். பழியை உங்கள்மேலேயே போட்டுக்கொண்டு நேராகச் சொல்லிவிடுங்கள். "இதை நான் ஆரம்பத்திலேயே பேசியிருக்க வேண்டும். ராத்திரியில் அவசரமாகக் கொடுக்கும் பதில் நல்ல பதிலாக இருப்பதில்லை. அடுத்த வாரத்திலிருந்து இப்படி வைத்துக்கொள்வோமா?" சொன்ன பிறகு நீங்களும் கடைப்பிடிக்க வேண்டும். பத்து மணிக்கு ஒரே ஒரு தடவை பதில் போட்டாலும் விதி போய்விடும்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில களைப்பு, நம் வேலையில்லாத ஒன்றை நாம் கையில் வைத்திருப்பதால் வருவது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் நம்பிக்கையில்லை என்று ஒருவர் சொல்லும்போது, பழைய கொடுமையின் நினைவுகள் திரும்பத் திரும்ப வந்து அவரை அலைக்கழிக்கும்போது, குடி கைமீறிப்போயிருக்கும்போது, அவருக்குத் தேவை மனநல மருத்துவர் அல்லது உளவியல் சிகிச்சையாளர். அனுப்பிவைப்பது கைவிடுவது ஆகாது. "நீங்கள் சொல்வது முக்கியமானது, இதற்கு என்னைவிடத் தகுந்த உதவி இருக்கிறது, அந்த முதல் அழைப்பைச் சேர்ந்தே செய்வோமா" என்று கேட்கலாம். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற சாயல் பேச்சில் வந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆபத்து உடனடியானது என்றால் அவரைத் தனியாக விடாமல் அவசர உதவியோடு இணையுங்கள். அப்புறம் அன்றைக்கே யாரிடமாவது நீங்களும் பேசுங்கள். தனியாக ஒருவர் சுமக்கக்கூடியது இல்லை அது.

வேலைக்கு வெளியே என்ன செய்வது என்பதில் ஓய்வு எடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், அதனால் நீட்டவில்லை. உளவியலாளர்கள் சபீன் சொன்னன்டாகும் சார்லட் ஃபிரிட்ஸும் வேலைக்களைப்பிலிருந்து மீள உதவும் நாலு விஷயங்களை 2007-ல் பிரித்துக் காட்டினார்கள்: வேலையை மனதிலிருந்து விடுவது, இளைப்பாறுவது, நம் நேரம் நம் கையில் இருப்பது, ஒன்றைக் கற்றுத் தேறுவது. நம் தொழிலில் இருப்பவர்கள் கவனிக்காமல் விடுவது கடைசி விஷயத்தை. நாள் முழுக்க நாம் செய்கிற வேலையில் பலன் கண்ணுக்குத் தெரிவதில்லை. யாருடைய மனநிலையையும் நம்பியிராத, முடித்தால் முடிந்தது என்று தெரிகிற ஒன்று தேவை. எனக்கு மர வேலை. பலகை இழைத்தால் வழவழப்பு விரலுக்குத் தெரியும்.

கூடவே, வீட்டிலும் நட்பிலும் 'கேட்கிற ஆள்' என்ற வேலையிலிருந்தும் சில நாள் விடுப்பு எடுங்கள். "இன்றைக்குக் காது கொடுக்கிற தெம்பு இல்லை, நாளைக்குக் காலையில் நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லலாம். சொன்னபடி கூப்பிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட்டை, அதாவது தீராத வேலை அழுத்தத்தால் ஆள் வற்றிப்போவதை, நோயாக வைக்கவில்லை, வேலை சார்ந்த நிலையாக வைத்திருக்கிறது. சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்பு வருவது, நம்மால் பலனில்லை என்ற எண்ணம் என்று மூன்று கூறு சொல்கிறது. உங்களிடம் முதலாவது தெரிகிறது. இரண்டாவது வந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: கிளையன்ட் செஷனை ரத்து செய்யும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறதா, அவர்கள் பேசும்போது 'அதே கதைதான்' என்று மனம் சொல்கிறதா? ஆம் என்றால் இந்த மாதமே செஷன்களைக் குறையுங்கள். வருமானம் இடிக்கும் என்று தெரியும், அது சின்ன விஷயமில்லை. ஐந்தை நாலாக்க முடியாவிட்டால், கனமான இரண்டு கிளையன்டுகளை அடுத்தடுத்து வைக்காமல் இருப்பதையாவது செய்யுங்கள். தூக்கமே கெட்டு, வேலையில்லாத நாளிலும் மனம் எழவில்லை என்றால் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

அந்த வேலை போனவரின் கதையை முடிக்கவில்லை. ஐந்தாவது செஷனில், முதுகை நாற்காலியில் சாய்த்துக்கொண்டு, அவரிடம் சொன்னேன்: "போன தடவைகளில் உங்களைவிட நான் அதிகம் பேசிவிட்டேன். உங்கள் வேலையை நான் எடுத்துச் செய்யப் பார்த்தேன், அது தப்பு. இப்போது நீங்கள் சொல்லுங்கள், இதில் உங்களுக்கு உண்மையிலேயே எது வேண்டும்?" ரொம்ப நேரம் அவர் பேசவில்லை. அந்த நேரம் முழுவதும் என் பாதத்தைத் தரையில் வைத்திருப்பதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. கடைசியில் சொன்னார், "எனக்கு அந்தத் துறையே வேண்டாம் சார். பதினாலு வருஷமா வேண்டாம். யார்கிட்டயும் சொன்னதில்ல." அன்று ராத்திரி நான் எதையும் தேடவில்லை. தூங்கினேன்.

நீங்கள் நாளைக்கே எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. போன் ஒளிரும்போது வரும் பயம் எல்லோரையும் பற்றியதாக இருக்காது, ஒருவரையோ இருவரையோ பற்றியது. அந்தப் பெயர் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவருக்காக நீங்கள் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது அவருடையதா உங்களுடையதா என்று குறியுங்கள். சூப்பர்விஷனுக்கு முதல் நாள் போகும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.